விறைத்த மீனில் வெளிச்சம் இல்லை

தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததுமே ஐஸும் உப்பும் பச்சை ரத்தமும் கலந்த அந்த வாசனை ஆய்வகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்று மாணவர்களுக்கு மீன் தசைப் பரிசோதனை. ஜன்னலோரம் நின்ற ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னைக் கேட்காமலே என் வாய் பேசிவிட்டது: "மூக்க மூடிக்கினா மீனு எப்போ செத்துச்சுன்னு எப்டி தெரியும்?"

பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மயிலாப்பூர் மாமி ஒருத்தி திடீரென்று பட்டினப்பாக்கத்துக் குரலில் பேசினால் பின்னே பார்க்காமல் என்ன செய்வார்கள்? அது உன் வாக்கியம். குரலும் உன்னுடையதுதான், அந்தக் கடைசி இழுப்பு உட்பட. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டியதை நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு வகுப்பு முடிந்து மாணவர்கள் போன பிறகு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தில் மீன் வாசனை வந்தால் பொறுத்துக்கொள். உனக்கென்ன அது புதுசா?

நாம் பழகிய கதையை உனக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் சொல்கிறேன். அதில் அசடு நான்தான். அதனால் உனக்குப் பிடிக்கும்.

நீ கடற்கரைச் சாலையில் மீன் விற்பவள். நான் அடையாறில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். பிறந்ததிலிருந்து மீனைக் கையால் தொட்டதில்லை. மீன் தசையில் உயிர் போன பிறகு ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏடிபி என்றால் என்ன என்று நீ என்னைக் கேட்ட முதல் நாள், நான் கரும்பலகைத் தமிழில் ஆரம்பித்தேன், நீ கொட்டாவி விட்டாய், பிறகுதான் பஸ் உதாரணத்துக்கு வந்தேன். அந்த மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள். மூன்றுக்கும் ஒரே மின்னூட்டம். ஒன்றை ஒன்று கண்டால் ஆகாது. இருந்தும் சாயங்காலம் ஆறு மணிக்கு மயிலாப்பூர் குளத்தைத் தாண்டும் பஸ்ஸின் படியில் தொங்கும் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் வந்து கடைசி ஆளை இறக்கிவிட்டால் எல்லோருக்கும் அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாவில் வெளிப்படும் சக்தியால்தான் விரல் மடங்குகிறது, இமை மூடுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இறங்கியவரை மறுபடி படியில் ஏற்றிவிடுவதற்குத்தான் நாம் சோறு தின்பதும் மூச்சு விடுவதும்.

"அவ்ளோதானா? எறங்கறது, ஏத்தறது?" என்றாய்.

"அவ்வளவுதான். அது நின்னா நாம நின்னோம்."

நீ கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாய். உன் முகத்தில் அந்தப் பார்வை வந்ததும் நான் வாயை மூடிக்கொள்ளக் கற்றது பிற்பாடுதான்.

அதற்கு முன்னால் மூன்று வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! மின்மினிப் பூச்சி தன் விளக்கை ஏற்றிக்கொள்வதும் இதே ஏடிபியால்தான். அந்தப் பூச்சியின் நொதியைக் கண்ணாடிக் குழாயில் வைத்துக்கொண்டு, மீன் தசையின் சாற்றில் ஒரு சொட்டு விட்டால், ஏடிபி இருக்கிற அளவுக்குக் குழாய் ஒளிரும். என் குழாய் ஒளிரவில்லை. தினமும் காலை ஆறரைக்கு உன் கடையில் வந்து நின்று, கட்டை மாதிரி விறைத்திருக்கும் சங்கரா மீனாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவேன். விறைப்பாக இருந்தால் புதுசு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போய்ச் சொட்டு விட்டால் இருட்டு. நொதி கெட்டுவிட்டது என்றேன். ஆய்வகத்து ஃப்ரிட்ஜைத் திட்டினேன். பாவம், உதவிக்கு இருந்த மாணவியையும் திட்டினேன்.

நாலாவது வாரம் உனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா டீச்சரு, தெனம் வெறைச்ச மீனையே பொறுக்கிக்கினு போற?"

"அதானே ஃப்ரெஷ்?"

"கொழம்புக்கு ஃப்ரெஷ்ஷு. உனுக்கு உசுரு இருந்த சூடு இல்ல வேணும்னு சொன்ன? வெறைப்பு வந்துச்சுன்னா உள்ள ஒண்ணும் இல்ல, தீந்து போச்சுன்னு அர்த்தம். தோ, தொவண்டு கெடக்குது பாரு, இதான் இப்போ செத்தது." நீ ஒரு மீனைத் தூக்கினாய், ஈரத்துணிபோல உன் கையில் தொங்கியது. "அதுலயும் தூண்டில்ல வந்து ஒடனே செத்தது வெறைக்க நேரம் புடிக்கும். வலைல மாட்டிக்கினு ரொம்ப நேரம் துடிச்சுது பாரு, அது கரைக்கு வர்றதுக்குள்ளயே வெறைச்சுக்கும்."

நான் அங்கேயே கவிழ்த்து வைத்திருந்த மீன் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். துடித்த மீன் தன்னிடம் இருந்த ஏடிபியை எல்லாம் துடிப்பிலேயே கரைத்துவிடும். அதனால் சீக்கிரம் விறைக்கும். புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு வளைவுக் கோடுகளாக வரைந்து வைத்திருக்கிற விஷயம் அது. நானும் படித்தவள்தான், பரீட்சையில் எழுதியவள்தான். மீனைக் கையில் எடுத்ததும் எல்லாம் மறந்து, விறைப்பு என்றால் புதுசு என்று கிளம்பிவிட்டேன். நீ அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நீ தனியாக எடுத்துவைத்த துவண்ட மீன் ஒளிர்ந்தது. அதை உனக்குக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. மத்தியானம் கடையை மேரியிடம் விட்டுவிட்டு நீ வந்தாய். உன் தங்கை மேரிக்கு அதில் ஒரே கோபம். "மீனுக்கு லைட்டு எரியுதாம், பாக்கப் போறாளாம்" என்று அடுத்த கடைக்காரியிடம் முனகினாள். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றினாய். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கறுப்புத்துணி போட்ட சின்ன அறைக்குள் இருவரும் போய், கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா நின்றோம். உன் மூச்சு மட்டும் கேட்டது. நான் சொட்டு விட்டேன்.

மஞ்சளும் பச்சையுமாக, மெதுவாக, குழாய்க்குள் அது எழுந்தது. பெரிய வெளிச்சம் இல்லை. நம் இருவர் விரல்களும் தெரிகிற அளவுக்குத்தான். நீ சிலுவை போட்டுக்கொண்டது அந்த வெளிச்சத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"இது மீனோட உசுரா டீச்சரு?"

"உசிர்னு சொல்லத் தெரியலை. உசிரோட இருக்கறச்சே ஓடிண்டிருந்தது இதுதான்."

"மின்மினி வேற, மீனு வேற. ரெண்டுத்துக்கும் ஒரே சாமானா?"

"உனக்கும் எனக்கும்கூட அதேதான். வேப்பமரத்துக்கும், கொசுவுக்கும்."

"கொசுவுக்குமா! யம்மாடி!" என்று நீ சிரித்த சிரிப்பில் வெளியே மாணவிகள் கதவைத் தட்டினார்கள். சிரித்து முடித்தும் நீ குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது மங்கி அணையும்வரை நின்றாய். நூறு தடவை பார்த்த எனக்கே, நீ பக்கத்தில் நின்ற அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. அத்தனை வருஷமும் நான் அதை எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உன் கேள்விகள் ஓயவில்லை. இறங்கியவரை மறுபடி யார் ஏற்றுவது என்று கேட்டாய். செல்லுக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, அவற்றின் சுவரில் சக்கரம் மாதிரி ஒன்று நிஜமாகவே சுழல்கிறது என்றேன். சுவரின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் அயனிகள் முட்டி மோதி நிற்கும். குறுகலான ஒரே வழியாக அவை மறுபக்கம் பாயும்போது சக்கரம் சுற்றும், சுற்றச் சுற்ற ஏடிபி வந்து விழும். நீ தலையை ஆட்டினாய். "மொகத்துவாரம் தொறந்தா ஆத்துத் தண்ணி கடலுக்கு ஓடுமே, அந்த ஓட்டம்." அடையாற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு உடையும் நாளை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். நாள் ஒன்றுக்கு நம் உடம்பு எடை அளவுக்கு ஏடிபி உண்டாகி, உண்டானதெல்லாம் செலவாகி, மறுபடி உண்டாகிறது என்று சொன்னபோது நீ நம்பவே இல்லை. "நான் எம்பத்திரெண்டு கிலோ. அத்தினியுமா?" என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்.

விறைப்பு ஏன் வருகிறது என்று நான் விளக்கிய நாளைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். தசைக்குள் ஒரு இழை இன்னொரு இழையைப் பிடித்து இழுக்கிறது. பிடித்ததை விடுவதற்கு ஒரு ஏடிபி வந்து ஒட்ட வேண்டும். அது வராவிட்டால் பிடித்தது பிடித்தபடி நின்றுவிடும், அதுதான் விறைப்பு என்றேன். நீ கத்தியைக் கீழே வைத்தாய்.

"வலை இழுக்கறதும் அப்டித்தானே? ஒரு கை புட்ச்சி இழுக்கணும், வுடணும், முன்னால போயி திரும்பப் புடிக்கணும். வுடலைன்னா அடுத்த மொழம் எப்டி வரும்? பாக்கறவன் புடிக்கறதுதான் கஷ்டம்னு நெனப்பான்."

நான் அதைத்தான் இப்போது வகுப்பில் சொல்கிறேன். யார் சொன்னது என்றும் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதுவது, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதாமல் ஒளிந்துகொள்ளத்தான். எழுதிவிடுகிறேன்.

உன் மகள் ஸ்டெல்லா பெருங்குடியில் வேலை கிடைத்து, வேளச்சேரியில் வீடு எடுத்து, உன்னை அங்கே வந்து உட்காரச் சொன்னாள். நீ மாட்டேன் என்றாய். அவள் வாய் தவறி, "ஊருக்கெல்லாம் மீன் அறுத்து இன்னாத்த கண்ட?" என்று கேட்டுவிட்டாள். எட்டு மாசம் இருவரும் பேசவில்லை. அவள் பெயரை எடுத்தால் உனக்கு மூக்கு விடைக்கும். "வாசப்படி மிதிச்சான்னா காலை ஒடிப்பேன்" என்பாய். அடுத்த நிமிஷமே, "வேளச்சேரில தண்ணி ஏறிக்கிச்சாமே, அவ வூடு எத்தனாவது மாடி டீச்சரு?" என்று கேட்பாய். மூணாவது மாடி என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அன்று மழை விட்டு வெயில் அடித்த நாள். ஞாயிறு வியாபாரம், விடியற்காலை ஐந்து மணியிலிருந்து உன் கையில் கத்தி. எட்டரைக்கு யாருக்கோ வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது கத்தியை விடாமலே, இடது கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மேரி போன் செய்து அழுதாள். நான் வந்தபோது மணி பன்னிரண்டு. ஹவுசிங் போர்டு வீட்டு முன்னறையில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நான் உன் இடது பக்கம் உட்கார்ந்து, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது குளிர்ந்து, துவண்டு கிடந்தது.

ஸ்டெல்லா வரும்போது இரண்டு மணி. அப்போதுதான் மேரி ஜெபமாலையை உன் கைகளில் கோக்கப் பார்த்தாள். வலது கை இறுக மூடியிருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அக்கா, கைய வுடுக்கா" என்று கெஞ்சினாள். பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருந்திருக்கலாம். "பொண்ணு மேல கீற ஆத்தரம். மனசு ஆறாம கைய முறுக்கிக்கினே பூட்டா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

வாசல்படியில் ஒரு கால், வெளியே ஒரு கால் என்று ஸ்டெல்லா நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இனி அவள் ஆயுசுக்கும் அந்த மூடின கைதான் உன் கடைசி வார்த்தையாக இருக்கும் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

உடனே வாயைத் திறந்தேன். திறந்ததும் வந்தது பாடம்! "இதுக்கும் கோபத்துக்கும் சம்பந்தம் இல்லை. தசைல ஏடிபி தீர்ந்துட்டா..." என்று ஆரம்பித்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இன்னா டீச்சரு, இந்த நேரத்துல பாடம் எடுத்துக்கினு கீற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் சொன்னதிலும் தப்பில்லை. மீனை வைத்துச் சொன்னால் அங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் உன்னைக் கிடத்தியிருக்கும் இடத்தில், உன்னை மீனோடு சேர்த்து எப்படிப் பேசுவேன்? உன் அண்ணன் வெந்நீரும் துண்டும் கொண்டுவரச் சொன்னார், கையைப் பலவந்தமாகப் பிரிக்க.

நான் எழுந்து ஸ்டெல்லாவை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"வெறைச்ச மீனைப் பத்தி உங்கம்மா என்ன சொல்லுவா?" என்று கேட்டேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். அப்புறம், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல, "உள்ள இருந்தது தீந்துட்சின்னா வெறைச்சுக்கும்" என்றாள். கூடவே, "துடிச்சது சீக்கிரம் வெறைச்சுக்கும்" என்றாள். அவள் கண் பெரிதானது. "அப்போ எங்கம்மா அப்டி துடிச்சாங்களா ஆன்ட்டி?"

கடவுளே, நான் இதை யோசிக்கவே இல்லை! ஒரு முள்ளை எடுக்கப் போய் அதைவிடப் பெரிய முள்ளைக் குத்திவிட்டேன். பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். மீன் கடைக்காரியின் மகளிடம் மீனைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா? அப்போதுதான் மடியில் இரண்டு மணி நேரம் கிடந்த உன் இடது கை எனக்கு நினைவு வந்தது.

"போய் இடது கையைத் தொட்டுப் பாரு," என்றேன். "அது இன்னும் துவண்டுதான் இருக்கு. துடிச்சிருந்தா ரெண்டும் ஒண்ணா இல்ல வெறைச்சிருக்கும்? வலது கை அஞ்சு மணிலேர்ந்து கத்தி பிடிச்ச கை. அதுல இருந்ததெல்லாம் வேலையிலேயே தீர்ந்துபோச்சு. அதான் அது முந்திண்டுது. விடறதுக்கு அதுல சக்தி மிச்சம் இல்லடி, அவ்வளவுதான்."

"கோவம் இல்லியா?"

"கோவம் இருந்துதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கை அதைச் சொல்லலை. அது மட்டும் சத்தியம்."

அவள் உள்ளே போனாள். உன் இடது பக்கம் முழங்காலிட்டு, கையைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டி, கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தி, நீ மீனைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். தன்னை அறியாமல்தான் செய்தாள். பிறகு குனிந்து வலது கையைப் பார்த்தாள். கத்திப்பிடியின் அளவுக்குக் குழிந்து மூடியிருந்த கை அது. கத்தியை யாரோ உருவி எடுத்த பிறகும் அந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது.

உன் அண்ணன் வெந்நீரோடு வந்தார். ஸ்டெல்லா குறுக்கே கையை நீட்டினாள்.

"மாமா, தொடாதீங்க."

"பிரிச்சாத்தானேம்மா மாலை போடலாம்?"

"மேல சுத்துங்க." அவள் குரல் உன்னுடையதைப்போலவே இருந்தது, அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாவுக்கு என் மேல கோவம் இருந்துருக்கும். இருக்கட்டும். ஆனா இது கோவம் இல்ல. இது காலைல இருந்து மீன் அறுத்த கை. அப்டியே போவட்டும்."

மூடிய கையின் மேல் ஜெபமாலையை மூன்று சுற்றுச் சுற்றி, அதன் மேல் நெற்றியை வைத்து, அப்போதுதான் ஓவென்று அழுதாள். வெந்நீரைக் கீழே வைத்துவிட்டு உன் அண்ணனும் அழுதார்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்டெல்லாவைக் கூடத்து மூலையில் உட்காரவைத்து, இரண்டு வாய் காப்பி குடிக்கவைத்தேன். என் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே என் மடியில் சரிந்தாள். மத்தியானத்திலிருந்து அழுத உடம்பு, படுத்ததும் தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் முந்தானையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் மெதுவாக விட்டது. அடுத்து மோதிரவிரல். பிறகு மற்றவை. கை மலர்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க, என் முழங்காலின் மேல் கிடந்தது. வெதுவெதுப்பாக, நாடி துடிக்க, அத்தனை சக்கரமும் உள்ளே சுழன்றுகொண்டு.

இருபத்தைந்து வருஷமாக நான் கரும்பலகையில் எழுதுகிற விஷயம் அது. ஒரு உயிர் பிடித்ததை விடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது உன் மகளிடம்தான். உன்னிடமிருந்து எனக்கென்று எந்தப் பொருளும் இல்லை. அந்தக் கையின் பாரம்தான் என் முழங்காலில் இன்னும் இருக்கிறது. கால் மரத்துப் போயிற்று. அவள் தானாக விழிக்கும்வரை நான் அசையவில்லை.